எறும்பு எழுத்து

கனடாவில் சூதாட்டம் நடத்தும் உரிமையைக் குற்றவியல் சட்டமே மாகாணங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஒன்ராறியோ 2022 ஏப்ரலில் தனியார் இணையச் சூதாட்டத் தளங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. அங்கே ஆட வயது 19. ஒட்டாவா ஆற்றைத் தாண்டிக் கியூபெக்கில் கால் வைத்தால் 18. அக்கரையில் புத்தி ஒரு வருடம் முன்னதாகவே வந்துவிடும் போலிருக்கிறது.

தளம் நம்பகமானதா என்று பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் பாருங்கள். மாகாணப் பதிவு இருந்தால் சரி. குராசோ தீவின் முத்திரை மட்டும் இருந்தால், புகார் கொடுக்கக் கரீபியன் கடலுக்குத்தான் கப்பலேற வேண்டும். பணம் கட்டும்போது பெயரைக்கூடச் சரியாகக் கேட்காதவர்கள், ஜெயித்ததை எடுக்கப் போனால் பாஸ்போர்ட், மின்கட்டண ரசீது, செல்ஃபி என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி விசாரிப்பார்கள். 100 டாலர் போனஸை எடுக்க 3,500 டாலருக்கு ஆடு என்ற நிபந்தனையும் அந்த எறும்புக் கூட்டத்தில்தான் ஒளிந்திருக்கும்.

பொழுதுபோக்குக்கு ஆடுபவர் ஜெயித்த பணத்துக்குக் கனடாவில் வருமான வரி கிடையாது. வரித்துறைக்கு நம் ஆட்டத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை.