மூன்றாவது தராசு

அமெரிக்காவில் தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் ஏராளம். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, தேய்த்துத் துலக்கி, அச்சில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி கிளப்புகிற புது பிரைமரைப் பொருத்தி, உள்ளே வெடிமருந்தைக் கொட்டி, வாயில் குண்டைச் செருகினால் தோட்டா தயார். ரீலோடிங் என்று பெயர். கராஜில் ஒரு மேசையும், அந்த மேசையைப் பொறுத்துக்கொள்ள ஒரு மனைவியும் போதும். வேட்டைக்காரர், போட்டியில் சுடுகிறவர், காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று தொடங்கி இரண்டு மடங்கு செலவழிக்கிறவர் என இவர்களில் பல ரகம். அத்தனை ரகத்திலும் அவசியம் பார்க்க வேண்டியவர் தராசுக்காரர்.

ஓஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ இருப்பார். ஐம்பதைத் தாண்டியவர். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எதையாவது அளந்துகொண்டிருந்திருப்பார்: பாலத்தையோ, வரியையோ, விமானத்துத் திருகாணியையோ. அவர் வீட்டுக் கராஜில் கார் இருக்காது. கார் வெளியே பனியில் நனையும். தராசு உள்ளே கதகதப்பாக இருக்கும். "போன வாரம் மான் கிடைத்ததாமே?" என்று கேட்டுப் பாருங்கள், முகத்தில் சுரத்தே இருக்காது. "உங்கள் தராசு ஒழுங்காகப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா?" என்று கேளுங்கள். நாற்காலியை இழுத்துப் போடுவார். காபி வரும். அன்றைக்கு நீங்கள் வேறு எங்கும் போக முடியாது.

இந்த உலகத்தில் எடை கிராமில் இல்லை, கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிராமுக்கு 15.43. சாதாரண ரீலோடிங் தராசு 0.1 கிரெயின் வரை காட்டும். அதாவது சுமார் ஆறரை மில்லிகிராம். மருந்து உற்பத்தியாளர்கள் அச்சடித்துத் தரும் அட்டவணையும் அந்தப் பத்தில் ஒன்றோடு நின்றுவிடும். மான் வேட்டைக்காரருக்கு அது போதும், போதாமல் போனதாக எந்த மானும் சொன்னதில்லை. நம்மவருக்கு மட்டும் போதாது. நீண்ட தூரத் துப்பாக்கியில் போடும் குச்சி வடிவ மருந்தில் ஒரு துகள் ஏறக்குறைய 0.02 கிரெயின் எடை இருக்கும். பத்தில் ஒரு கிரெயின் என்றால் ஐந்து துகள். ஐந்து துகள் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு மனிதர் இரவில் எப்படிக் கண்ணை மூடுவார்?

ஆரம்பத்தில் அவரும் நம்மைப் போல நிம்மதியாகத்தான் இருந்தார். மாமனார் கொடுத்த பழைய தண்டுத் தராசு ஒன்று இருந்தது. ஆர்.சி.பி.எஸ். 5-0-5, பச்சை வர்ணம். தண்டின் கத்தி முனை அகேட் கல்லில் உட்கார்ந்திருக்கும். தண்டோடு சேர்ந்த செப்புத் தகடு ஒன்று காந்தங்களுக்கு நடுவே ஆடி, ஊசலாட்டத்தைச் சீக்கிரம் அடக்கிவிடும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சூடேற வேண்டாம். அதற்கு வரும் நோய்களும் எளிய நோய்கள். கத்தி முனையில் தூசி படிந்தால் சோம்பும். தூரிகையால் ஒரு தட்டு தட்டினால் எழுந்துவிடும். முள்ளை நேராகப் பார்க்காமல் மேலிருந்து பார்த்தால் தப்பாகத் தெரியும். குனிந்து பார்த்தால் சரியாகிவிடும். இத்தகைய பழந்தராசுகளின் முனையைத் தீட்டி, ஒரு துகளுக்கும் முள் அசையும்படி செய்து தருகிற கைகாரர்கள் அமெரிக்காவில் இன்றைக்கும் உண்டு. நம்மவருக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் தண்டுத் தராசில் பேசுவதற்கு விஷயம் குறைவு. எண்ணாக வராத உண்மையை அவர் உண்மையாக ஏற்பதில்லை.

ஆகவே, பத்தில் ஒன்றுக்கும் கீழே காட்டுகிற ஒரு எலெக்ட்ரானிக் தராசு வந்தது. மலிவு விலைத் தராசுக்குள் இருப்பது ஒரு சிறு உலோகக் கட்டை. எடை வைத்தால் அது இம்மியளவு வளையும்; அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறும்; அந்த மாற்றத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. வளைவது எடைக்கு மட்டும் என்றால் சரி. கட்டையும் மின்சுற்றும் சூட்டுக்கும் குளிருக்கும் கூட மசியும். ஜனவரி மாதக் கராஜில் தராசைப் போட்ட உடனே எடை பார்த்தால் எண் தானாக ஏறும், இறங்கும். அரைமணி நேரமாவது போட்டு வைத்து, அதன் பிறகே கையை வைக்க வேண்டும். நம்மவர் அரைமணியை ஒரு மணியாக்கினார். பிறகு அணைப்பதையே விட்டுவிட்டார். வீட்டில் குலவிளக்குபோல அது இரவும் பகலும் எரிகிறது.

அப்படியும் ஒருநாள் எண் நகர்ந்தது. 0.00 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.04. இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் பொற்காலம் தொடங்குகிறது.

முதல் சந்தேகம் காற்றின்மேல். நம் ஊர் நகைக்கடையில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதற்கும் இதே காரணம்தான். கூரை விசிறி நின்றது. சூடேற்றியின் காற்று வரும் துவாரத்தில் அட்டை ஒட்டப்பட்டது. பூனைக்குக் கராஜில் நுழையத் தடை வந்தது. பூனையின் மூச்சு எவ்வளவு என்று அவர் கணக்குப் போட்டாரா என்று கேட்காதீர்கள், போட்டிருப்பார். அடுத்தது விளக்கு. பழைய குழல்விளக்கின் மின்காந்த இரைச்சல் சில தராசுகளைக் கலைக்கும் என்பது உண்மை. அதைக் கழற்றி எல்.இ.டி. மாட்டினார். செல்போனை வீட்டுக்கு வெளியே தபால் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார். மேசையின் மட்டம் பார்த்தார். அது சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு மின்சாரத்தின்மேல் சந்தேகம் வந்தது.

"டிரையரைப் போட்டிருக்கிறாயா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"துணி காய வேண்டாமா?"

"நான் மருந்து நிறுக்கும்போது போடாதே. மின்னழுத்தம் ஆடுகிறது."

"சரி. அப்படியானால் டிரையரில் போடுகிற வாசனைத் தாளை எல்லாம் எடுத்துக்கொண்டுபோய் அங்கே என்ன செய்கிறாய்?"

இதற்குப் பதில் சொல்ல அவர் திணறியது நியாயம்தான். குளிர்காலத்தில் காற்று வறண்டு, பிளாஸ்டிக் புனலிலும் தட்டிலும் நிலைமின்சாரம் ஏறும். துகள்கள் புனலின் சுவரில் ஈப்போல ஒட்டும். தராசின் எண்ணும் காரணமில்லாமல் துள்ளும். அந்த வாசனைத் தாளால் துடைத்துவிட்டால் ஒட்டுவது நின்றுபோகும். ரீலோடிங் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது. ஆக, டிரையர் ஓடக் கூடாது. டிரையரின் தாள் மட்டும் தீரவே கூடாது. அந்த அம்மாள் இப்போது இரண்டு பெட்டி வாங்குகிறார். ஒன்றில் கணவர் பெயரை எழுதி வைத்திருக்கிறாராம்.

நடுவே ஒரு நியாயமான கண்டுபிடிப்பையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனிதரை வெறும் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். இவ்வகைத் தராசுகள் பலவற்றில், எண் மிக மெதுவாக நகர்ந்தால் அதைத் தன்னுடைய தடுமாற்றம் என்று எண்ணித் தராசே சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. நல்ல நோக்கம்தான். டிரிக்லர் என்ற குட்டிக் குழாயை உருட்டி ஒவ்வொரு துகளாக நீங்கள் விழ வைக்கும்போது, தராசு அதையும் தடுமாற்றக் கணக்கில் சேர்த்து விழுங்கிவிடும். நாலு துகள் விழுந்திருக்கும், எண் அசைந்திருக்காது. தட்டைத் தூக்கி மறுபடி வைத்தால் உண்மை வெளிவரும். அதேபோல் தட்டை எடுத்தவுடன் தெரிகிற கழித்தல் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை தட்டை எடுக்கும்போதும் அதே எண் வருகிறதா என்று பார்த்தால் தராசு நகர்ந்ததா இல்லையா என்பது அப்போதே தெரிந்துபோகும். காசு செலவில்லாத சோதனை. அதனாலேயே அவருக்கு அதில் திருப்தி வரவில்லை.

முதல் தராசைச் சோதிக்க இரண்டாவது தராசு வாங்கினார். இது மருந்தைத் தானே கொட்டி நிறுக்கிற இயந்திரம், ஆர்.சி.பி.எஸ். சார்ஜ்மாஸ்டர். பொத்தானை அழுத்தினால் குழாய் சுழன்று மருந்து விழும், கடைசியில் துகள்கள் கொத்தாக விழுந்து அளவு தாண்டிவிடும். குழாயின் வாயில் மெக்டோனால்ட்ஸ் ஸ்ட்ராவை ஒரு துண்டு வெட்டிச் செருகினால் கொத்து உடைந்து ஒவ்வொன்றாக விழும் என்பது இந்த வட்டாரத்தில் ஊரறிந்த தந்திரம். நம்மவர் ஸ்ட்ராவுக்காக மட்டும் கடைக்குப் போனார். வெறும் ஸ்ட்ரா கேட்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு பர்கரும் வாங்கினார். மருந்து நிறுப்பதில் அவருடைய எடையும் கூடியது.

இரண்டு தராசும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. ஒரே தராசு இருந்தவரை அவருக்கு மருந்தின் எடை தெரியும். இப்போது தெரியாது. பஞ்சாயத்துக்கு மூன்றாவது வேண்டுமே! ஏ அண்ட் டி எஃப்எக்ஸ்-120ஐ வந்தது. இது சோதனைச்சாலை ஜாதி; உலோகக் கட்டையின் வளைவை நம்பாமல், தட்டில் வைத்த எடையை மின்காந்த விசையால் எதிர்த்துத் தாங்கி, எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்பதிலிருந்து எடையைச் சொல்லும். ஆயிரத்தில் ஒரு கிராம் வரை, கிரெயினில் 0.02 வரை காட்டும். விலையைப் பாதியாகக் குறைத்து வீட்டில் சொன்னார். கூடவே சோதனை எடைகள்: விரலின் எண்ணெய் படக் கூடாது என்று இடுக்கியால் மட்டும் தொடுவது. அந்த இடுக்கியை அவர் மகள் புருவத்துக்கு எடுத்துப் பயன்படுத்திய நாளில் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது.

டென்வரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோதும் தராசைக் கையோடு கொண்டுபோனார். அங்கே கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரம். புவியீர்ப்பு ஓஹையோவைவிட ஆயிரத்தில் அரைப்பங்கு குறைவு. நாற்பது சொச்சம் கிரெயின் மருந்தில் அது ஏறக்குறைய ஒரே ஒரு துகள். இதைக் கண்டுபிடித்த அன்று அவர் பேரனைப் பார்த்த சந்தோஷத்தையும் மறந்தார். சோதனை எடையை வைத்து அங்கேயே தராசைத் திருத்தினார். மாமனாரின் பச்சைத் தராசைக் கொண்டுபோயிருந்தால் திருத்தவே வேண்டியதில்லை. அது எடையை எடையோடு ஒப்பிடுகிறது, புவியீர்ப்பு இரண்டு பக்கமும் சமமாகக் குறையும். இதைச் சொன்ன மகனிடம் அவர் அன்று மாலை வரை பேசவில்லை.

அந்த ஒரு துகள் என்ன செய்யும்? வினாடிக்கு 2600 அடி வேகத்தில் போகிற குண்டின் வேகத்தை ஓர் அடி கூட்டும், அல்லது குறைக்கும். பிரைமருக்குப் பிரைமர், கூட்டுக்குக் கூடு உள்ள வேறுபாடே அதைவிடப் பெரிது. ஓஹையோவில் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற மைதானம் இருக்கிறது. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கிற இடம். 600 கஜத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12 அங்குலம். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் ஏரிக்காற்று குறுக்கே வீசினால் .308 குண்டு இரண்டரை அடி ஒதுங்கும். நம்மவர் அங்கே போய்ச் சுட்டு, ஏழாம் வட்டத்தில் துளை போட்டு, திரும்பி வந்து தராசைச் சந்தேகப்பட்டார்.

எனக்கு அவர்மேல் ஒரே ஒரு கோபம் உண்டு. இந்தத் தொழிலில் ஆளைக் கொல்கிற தவறு 0.02-ல் இல்லை. தண்டுத் தராசின் நகரும் எடை ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்தால் ஐந்து கிரெயின், பத்து கிரெயின் மாறும். கைத்துப்பாக்கிக் கூட்டில் மருந்து கொஞ்சம்தான் போடுவார்கள். யாராவது கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்து மறுபடி ஒரு முறை கொட்டினாலும் கூடு நிரம்பாது, கண்ணுக்கும் தெரியாது, துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மேசைமேல் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும் என்பதும், எல்லாக் கூட்டையும் வரிசையாக அடுக்கி விளக்கடித்து எட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் பாலபாடம். அவர் இதெல்லாம் செய்கிறாரா என்றால், செய்கிறார். ஆனால் பல் துலக்குகிற சுவாரசியத்தோடு செய்கிறார். அவருடைய பக்தியெல்லாம் இரண்டாவது தசம இடத்துக்கு.

போன கோடையில் யாரோ அழைத்ததன் பேரில், துப்பாக்கியை மேசையில் தாங்கவைத்துச் சுடுகிற நூறு கஜ பெஞ்ச்ரெஸ்ட் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்தார். இந்தப் போட்டியில் சுற்றுக்குச் சுற்று மைதானத்திலேயே தோட்டா தயாரிப்பார்கள். பக்கத்து மேசையில் ஒரு முதியவர். 1975 வாக்கில் பிறந்த 6 பி.பி.சி. தோட்டா, கையால் திருகுகிற பழைய மருந்து அளவி. கைப்பிடியை ஏற்றி இறக்குவார், மருந்து விழும், அடுத்த கூடு. அவருடைய ஐந்து குண்டும் ஒரே துளையில் போயிருந்தன. நம்மவர் மேசை முழுக்கத் தேடினார். தராசைக் காணோம்.

"எத்தனை கிரெயின் போடுகிறீர்கள், ஐயா?"

"கிரெயினா? தெரியாதே. ஐம்பத்து மூன்று கிளிக்."

"நிறுத்துப் பார்த்ததே இல்லையா?"

"எதற்கு?"

நம்மவருக்குத் தொண்டை அடைத்தது. "ஒரே ஒரு வீச்சு எனக்குக் கொடுங்கள். காரில் தராசு இருக்கிறது, பேட்டரியோடு. இங்கே வைத்தால் காற்று விடாது."

முதியவர் தலையாட்டி, ஒரு வீச்சைத் தட்டில் பிடித்துக் கொடுத்தார். ஜூலை மாத வெயிலில் நம்மவர் காருக்குள் போய், கண்ணாடியை எல்லாம் ஏற்றி, ஏ.சி.யை அணைத்து, தராசு சூடேற அரைமணி காத்திருந்தார். அவருடைய சுற்று வந்தது. ஒலிபெருக்கியில் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். முதியவரே எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். உள்ளே வியர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தவர் வாயில் விரலை வைத்து, தட்டாதீர்கள், எண் இன்னும் நிற்கவில்லை என்று சைகை காட்டினார்.