விழுந்தால் சத்தம் வரக்கூடாது

என் அக்கா மகள் ஏழு வயதில் பரதத்தில் தட்டடவு தொடங்கி, முறைப்படி அரங்கேற்றமும் முடித்தவள். பட்டுக்கும் நகைசெட்டுக்கும் பக்கவாத்தியத்துக்கும் வாங்கிய கடனை அக்கா அடைத்து முடித்ததும் மகள், "இனிமே கன்டெம்பரரிதான்" என்று அறிவித்துவிட்டு ஒரு குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா இருப்பது திருநெல்வேலி, நான் இருப்பது சென்னை. ஆகவே அடுத்த மாத நிகழ்ச்சிக்கு முன்னால் ஒத்திகையை நேரில் பார்த்துத் தகவல் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவன் இதற்கெல்லாம் தப்ப முடியாது.

பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு மாடி ஹால். நடராஜர் இல்லை, தட்டுக்கழி இல்லை, சுவரில் கண்ணாடிகூட இல்லை. தரையில் கறுப்பு வினைல் விரிப்பு, அதன்மேல் வெள்ளை டேப்பில் பெருக்கல் குறிகள். மூலையில் எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறு பேர் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்தார்கள். போன் அடித்தது.

"என்னல செய்யுதா?"

"படுத்திருக்கா."

"ஐயோ, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. ஒத்திகை ஆரம்பிச்சாச்சு."

நான் சொன்னது உண்மைதான். அந்த ஆறு பேரில் ஒருத்தி இடது தோளைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்தினாள். "சீக்கிரம் தூக்கிட்டே" என்றார் நடன அமைப்பாளர். அவள் மறுபடி கிடந்தாள், மறுபடி உயர்த்தினாள். "இப்ப லேட்." இரண்டுக்கும் என் கண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. கிடந்த மற்ற ஐவரும் தலையாட்டினார்கள்.

அக்காவின் அடுத்த கேள்வி பாட்டைப் பற்றி. பாட்டு பெங்களூரில் யாரோ செய்துகொண்டிருக்கிறார், முடிந்ததும் மெயிலில் வரும் என்றேன். "பாட்டு வராம எதுக்கு ஆடுதா?" கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1953-ல் நடனக் குழு தொடங்கி, இந்த நியாயத்தைத்தான் உடைத்தார். அவர் ஆட்டத்தைச் செய்வார், ஜான் கேஜ் இசையைச் செய்வார், இரண்டும் மேடையில்தான் சந்திக்கும். ஆடுகிறவர்கள் ஸ்டாப்வாட்சை வைத்து ஒத்திகை பார்ப்பார்கள். பல சமயம் இசையை அவர்கள் முதன்முதலாகக் கேட்டதே நிகழ்ச்சியன்றுதான். நம் தாத்தா பாட்டி கல்யாணமும் இப்படித்தான் நடந்தது, தாலி ஏறிய பிறகுதான் முகம் பார்த்தார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் ரெண்டு பேரும் ஆயுசுக்கும் சண்டை போட்டாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

படுத்தவர்கள் எழுந்ததும் நடக்கத் தொடங்கினார்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, சும்மா. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், இது நமக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அமைப்பாளருக்குத் திருப்தியில்லை. "நடக்கிற மாதிரி நடக்காதீங்க. நடங்க!" என்று திரும்பத் திரும்ப அனுப்பினார். பரதம் படித்தவளுக்கு நெஞ்சு நிமிர்கிறது, களரி படித்தவனுக்கு முட்டி மடங்குகிறது. படித்த வித்தையெல்லாம் கால் வழியே எட்டிப் பார்க்கிறது.

தாகமெடுத்தது. எழுந்து, வலது முட்டியைச் சமாதானப்படுத்தி, எதிர்மூலையிலிருந்த தண்ணீர் கேனை நோக்கிப் போனேன்.

"அதான்! மாமா நடக்கிறார் பாருங்க! அதுதான் எனக்கு வேணும்!"

ஆறு பேரும் என் காலைப் பார்த்தார்கள். "சார், இன்னொரு தடவை நடந்து காட்டுங்களேன்." காட்டினேன். அவ்வளவுதான், போச்சு. கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எந்தக் கால் முதலில் என்ற சந்தேகம் வந்தது. அமைப்பாளர் மரியாதையாக "தேங்க்ஸ் சார்" என்றார். 1967-ல் அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் ஒரு பெரிய கூட்டத்தை மேடையில் நடக்கவும் நிற்கவும் உட்காரவும் மட்டும் விட்டு, அதையே ஒரு படைப்பாக்கினார். அதைப் பற்றிப் படித்தபோது "இதுக்குப் போய் டிக்கெட்டா?" என்று தோன்றியிருந்தது. தண்ணீர் கேன் வரை நடந்துவிட்டு வந்தபின் அந்த டிக்கெட்டுக்கு என்னிடம் ஆட்சேபணை எதுவுமில்லை.

பிறகு விழும் பயிற்சி. அக்கா மகள் நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் விழ வேண்டும். கெண்டைக்காலின் வெளிப்புறம் முதலில் தரையைத் தொடும், பிறகு தொடை, பிறகு இடுப்புச் சதை, கடைசியில் தோள்பட்டையின் பின்புறம். முட்டி, முழங்கை, மணிக்கட்டு எதுவும் அடி வாங்கக்கூடாது. மூச்சை விட்டுக்கொண்டே இறங்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் உடம்பு கட்டையாகிவிடும். முக்கியமாகச் சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் எலும்பு எங்கோ தரையைச் சந்தித்துவிட்டது என்று அர்த்தம். தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பவே வருடக்கணக்கில் பழகிய பாதம் அவளுடையது. இப்போது அதன் பெருவிரலடியில் வெடிப்பு, வெடிப்பின்மேல் டேப்.

முதலில் 'தொம்' என்றது. கீழேயிருந்து வாட்ச்மேன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அடுத்ததும் 'தொம்'. மறுபடி வந்தார். அப்புறம் ஒருமுறை அவள் விழுந்தாள், மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வாட்ச்மேன் வரவில்லை. "கரெக்ட்" என்றார் அமைப்பாளர். அன்றைக்கு அந்த ஹாலில் ஆடுகிறவர்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

எனக்கு உறைத்தது என்னவென்றால், சாயங்காலம் முழுக்க 'இதற்கு என்ன அர்த்தம்' என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. குதிகால் எங்கே, யார் எடை யார்மேல், எந்த மூச்சில் திரும்புவது, யார் தண்ணீர் பாட்டிலை விரிப்பில் வைத்தது என்பவைதான் பேச்சு. அர்த்தம் என்ற கவலை நாற்காலியில் இருந்தவனுக்கு மட்டும். சபாவில் நமக்கு அந்தக் கவலை கிடையாது. கண்ணன் வெண்ணெய் திருடுவான் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும். இங்கே முழங்கை என்றால் முழங்கைதான்.

இது வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்கவும் வழியில்லை. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் படித்த சந்திரலேகா, இதே பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் இருந்துகொண்டுதான் 1985-ல் 'அங்கிகா'வில் பரதத்தோடு களரிப்பயிற்றையும் யோகாவையும் சேர்த்தார். 2001-ல் வந்த அவருடைய 'சரீரா'வில் இரண்டே பேர். அவசரமே இல்லாமல் அசைவார்கள். உடம்பே விஷயம், அதற்குமேல் கதை எதற்கு என்ற கேள்வியை நம் ஊர்க்காரர் கேட்டு நாற்பது வருடம் ஆகிறது.

ராத்திரி அக்காவிடம் முழுத் தகவலும் சொன்னேன். அவளுக்கு ஒரே கவலை. "நிகழ்ச்சிக்கு நான் வாரேன். பக்கத்துல உக்காந்திருக்கவ கதை என்னன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"கதையெல்லாம் கிடையாதுக்கா. ஏழாவது நிமிஷம் உம் பொண்ணு விழுவா. சத்தம் வந்தா சரியா ஆடலைன்னு அர்த்தம். வரலைன்னா கைதட்டு."

"பெத்த பொண்ணு விழுந்தா கைதட்டச் சொல்லுத தாய்மாமனை இப்பத்தாம்ல பாக்கேன்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன் வரிசையில டிக்கெட் எடு. தைலம் கொண்டு வாரேன்."