கோலிக்குண்டு எந்தப் பக்கம் ஓடுது, மருமவனே?

பால்காய்ப்புக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு. அதுக்குள்ள மாமனைத் தனியாக் கூட்டிட்டு வந்து பாத்ரூமைக் காட்டுதீரு பாத்தீரா, அந்த மனசு யாருக்கு வரும்? எங்க காலத்துல வீட்டுக்கு வந்தவனுக்கு மாட்டைக் காட்டுவோம், வைக்கப்படப்பைக் காட்டுவோம், வெளைஞ்சு நிக்க வயலைக் காட்டுவோம். இப்போ ராயகிரியில எந்தப் புது வீட்டுக்குப் போனாலும் நேரா கக்கூசுக்குத்தான் கூட்டிட்டுப் போறாவ. அதுலயும் செருப்பைக் கழட்டிட்டு வரணுமாம். ஏன்வே, சங்கரன்கோயில் கோமதியம்மன் சன்னதியா இது? புத்துமண்ணு எதுவும் குடுப்பீரா?

பளபளன்னு இருக்கு, பொய் சொல்லக் கூடாது. தரையில எம் மூஞ்சி தெரியுது. கீழேயிருந்து பாத்தா எனக்கு இத்தனை மூக்குமயிரு இருக்குங்கது எழுவது வயசுக்கு மேல இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நாலுக்கு ரெண்டு டைல்ஸு, மோர்பியில செஞ்சதுன்னு பெட்டியில போட்டிருக்கு. குஜராத்துல இருக்கு அந்த ஊரு, செவுத்துக் கடியாரத்துக்கும் பேர்போன ஊரு. நம்ம தேசத்துல ஒட்டுத டைல்ஸுல பெரும்பங்கு அங்கன சூளையில வெந்து வாரதுதான். அம்புட்டுத் தூரம் லாரியில குலுங்கியும் விள்ளாம விரியாம வந்து சேந்திருக்கு. அதுக்கு மேல அதுக்கு என்ன நடக்கணும்னு நீருதான எழுதுதீரு.

சரி, ஒரு சோலி பாப்போம். எம் மடியில ஒரு கோலிக்குண்டு கெடக்கு. ஏன் கெடக்குன்னு பொறவு சொல்லுதேன். இந்தா, ஷவருக்கு நேர் கீழ வைக்கேன். பேசாமப் பாரும்.

பாத்தீரா? கொஞ்ச நேரம் யோசிச்சுது. பைய நவுண்டுது. தண்ணி போற நானி டிராப் அந்த மூலையில வாயைப் பொளந்துட்டுக் கெடக்கு, கோலி அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. வாசப்படியைத் தாண்டுச்சு, படுக்கற ரூமுக்குள்ள போச்சு, இப்போ உம்ம கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்தாச்சு. எடுக்காதீரும், கெடக்கட்டும். நாளைக்குத் தண்ணியும் அங்கனதான் போவப்போவுது, தொணைக்கு ஆள் வேணும்லா.

இதுக்குப் பேருதான் வாட்டம். கொத்தனாரு நாக்குல எந்நேரமும் கெடக்க வார்த்தை. நாலடிக்கு ஒரு இஞ்சு எறங்கணும்வே, நாலு பக்கத்துலயிருந்தும் நானி டிராப்பைப் பாத்து எறங்கணும். அதுக்குத்தான் பாத்ரூம் தரைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு சின்ன டைல்ஸு போடுதது. சின்னக் கல்லு வளைஞ்சு குடுக்கும். நாலுக்கு ரெண்டு கல்லு ஜமீந்தாரு மாதிரி, எந்தப் பக்கமும் தலை குனியாது. குனிய வைக்கணும்னா குறுக்க அறுக்கணும். அறுத்தா உமக்கு அழகு போயிரும். அழகா தண்ணியான்னு வந்தப்போ நீரு அழகைப் பிடிச்சுக்கிட்டீரு. நல்ல முடிவு. இனி ஒரு வைப்பரு வாங்கிக் கதவுக்குப் பின்னால மாட்டிரும். குளிக்க அஞ்சு நிமிசம், தள்ள பத்து நிமிசம். உடம்புக்கும் நல்லதுன்னு டாக்டருவ சொல்லுதாவ.

வேலை செஞ்ச பயலுவளை ஏசாதீரும். நம்ம ஊரு கொத்தனாரு ஆடித்தபசுக்கு லீவு கேட்டாருன்னு கோவிச்சுக்கிட்டு, வடக்கேயிருந்து வந்த ரெண்டு பேரைப் பிடிச்சீரு. கை நல்ல கைதான். செவுத்துக் கோட்டைப் பாரும், நூலு பிடிச்ச மாதிரி இருக்கு. ரசமட்டம் வச்சுத்தான் போட்டிருக்கான். அங்கதான் வந்துது வென. மட்டமாப் போடுன்னு சொன்னது நீரு. அவன் மட்டமாப் போட்டுட்டான், தரையையும் சேத்து. வாட்டத்துக்கு அவன் பாஷையில டால்னு ஒரு வார்த்தை உண்டு. நீரு அதைச் சொல்லியிருந்தா மொதல்ல மதியத்துக்குப் பருப்பு ஆக்கியிருப்பான், பொறவு புரிஞ்சிருக்கும்.

ஒரு விசயத்துக்கு உம்மை மெச்சணும். வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு, கன்னிமூலையில இருந்த பாத்ரூமை இந்தப் பக்கம் தள்ளி, எழுப்புன செவுத்தை இடிச்சு மறுபடி கட்டுனீரு பாத்தீரா, அதுல தாராளம். எம் பேத்தி சிவில் படிக்கா. அவ போன்ல ஒரு படத்தைக் காட்டுனா. மொகஞ்சதாரோன்னு ஊரு, 4,000 வருசத்துக்கு மேல ஆச்சாம். 1925-26ல தோண்டி எடுத்த குளிக்கத் தொட்டி ஒண்ணு அங்கன இருக்கு. சுமாரா 39 அடி நீளம், 23 அடி அகலம், 8 அடி ஆழம். செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்தி, ஜிப்சச் சாந்து வச்சு, நெருக்கி அடுக்கியிருக்கான். செவுத்துக்குப் பின்னால கெட்டித் தாரு பூசியிருக்கான், தண்ணி கசியாம இருக்க. தரைக்கு வாட்டம் குடுத்து மூலையில மடை வச்சிருக்கான். எந்த மூலைங்கீரு? தென்மேக்கு. கன்னிமூலையேதான்! அவனுக்கு வாஸ்து தெரியல பாவம், வாட்டம் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு.

அந்தத் தாரு எதுக்குன்னு இப்போ கேக்கணும் நீரு. கேக்க மாட்டீரு, நானே சொல்லுதேன். டைல்ஸு தண்ணியைத் தடுக்கும்னு ஊரே நெனைக்கு. டைல்ஸு தடுக்கும், டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவுல இருக்க சந்து தடுக்காது. அது வழியாத் தண்ணி எறங்கி, கீழ சிலாப்புல போய்க் குந்திக்கிடும். அதனால டைல்ஸுக்கு முன்னாலயே தரையில நீர்த்தடுப்புப் பூசணும், செவுத்துலயும் ஒரு அடி ஏத்திப் பூசணும், ஷவரு இருக்க பக்கம் ஆளு ஒசரத்துக்குப் பூசணும். பொறவு நானி டிராப்பை அடைச்சு, வயலுக்குத் தண்ணி கட்டுத மாதிரி இங்கனயும் ரெண்டு நாளு தண்ணி கட்டி வைக்கணும். கீழ் வீட்டு மச்சு வேர்க்கலைன்னாத்தான் டைல்ஸுப் பெட்டியைத் திறக்கணும். நீரு வெவசாயி மவன். நாத்தாங்காலுக்குத் தண்ணி நிக்குதான்னு ராத்திரி டார்ச்சு அடிச்சுப் பாத்த குடும்பம். மச்சியில பாத்ரூம் கட்டயில மட்டும் அந்த டார்ச்சு எங்கவே போச்சு? கீழ பட்டாசல்ல உம்ம அம்மைக்குக் கட்டிலு போட்டிருக்கு. சரியா இதுக்கு நேர் கீழ. எங்கக்காவுக்கு வெயிலுன்னா ஆகாது, மேல சொட்டுச்சொட்டா விழுந்தாக் குளுகுளுன்னுதான் இருக்கும்.

உம்ம பழைய வீட்டு அங்கணம் ஞாவகம் இருக்கா? ஒரே கருங்கல்லு. எங்க மச்சான், அதாவது உம்ம ஐயா, கல்லை ஒரு பக்கமாச் சாய்ச்சு, சாந்துல பதிச்சு, செவுத்துல ஒரு ஓட்டை விட்டாரு. தண்ணி நேரா பொறவாசல் வாழைக்குப் போகும். அந்த அங்கணத்துல மழைக்காலத்துலகூட பத்து நிமிசத்துல தரை காயும். வாழை வருசம் தவறாம தாரு போட்டுச்சு. உம்ம நானி டிராப் என்ன தாரு போடும்னு பாப்போம்.

சரி, ஒரு ஒத்தை ரூவாத் துட்டு இருந்தாத் தாரும். திருப்பித் தந்துருவேன்வே, பயப்படாதீரும். இப்படி டைல்ஸு மேல தட்டணும். டிக், டிக்... இது நல்லா இருக்கு. டிக்... டொக். கேட்டீரா? டொக், டொக், டொக். உள்ள காத்துதான் இருக்கு, சாந்து இல்ல. இந்தச் சத்தத்தை நான் எங்க கேட்டாலும் தெரிஞ்சுக்கிடுவேன், ஏன்னா நானே உண்டாக்குன சத்தம். செங்கோட்டை தாண்டி கொல்லத்துல நான் கரண்டி பிடிச்ச காலத்துல, ஒரு வீட்டு அடுப்பங்கரையில அவசரத்துக்கு லட்டு வச்சேன். லட்டுன்னா, கல்லுக்குப் பின்னால நாலு மூலையில நாலு உருண்டை, நடுவுல ஒண்ணு, சாந்தை அப்பி அப்படியே செவுத்துலயும் தரையிலயும் அமுக்குதது. மளமளன்னு வேலை முடியும். முதலாளிக்குச் சந்தோசம், எனக்குச் சாயங்காலம் சீக்கிரம் கூலி. மூணாம் மாசம் அந்த வீட்டம்மா அம்மிக்குழவியைக் கை தவறவிட்டா. கல்லு அப்பளமா நொறுங்கிச்சு. உருண்டை இருந்த அஞ்சு எடம் மட்டும் தீவு மாதிரி நின்னுச்சு. அந்த அம்மா ஒண்ணும் ஏசல. அஞ்சு தீவையும் எண்ணுனா, என்னைப் பாத்தா, ஒரு டம்ளரு கட்டஞ்சாயா குடுத்தா. அதைக் குடிக்க நான் பட்ட பாடு இருக்கே!

இப்போ அதுக்குன்னு பல்லு வச்ச கரண்டி வந்தாச்சு. பசையைப் பூசி, பல்லால கோடு இழுத்து, கல்லை வச்சு லேசா ஆட்டி அமுக்குனா முதுகு முழுக்கப் பிடிக்கும். பசைங்கதும் சும்மா இல்ல. டைல்ஸுல ரெண்டு சாதி உண்டு, குடிகாரன், குடிக்காதவன். செவுத்து டைல்ஸு குடிகாரன். தன் எடையில நூத்துக்குப் பத்துக்கு மேல தண்ணி குடிக்கும். அதைத் தொட்டியில ஊறப்போட்டு எடுத்து, சிமெண்டுப் பாலைத் தடவுனா ஆவிசேத்துக் கட்டிப்பிடிச்சுக்கிடும். உம்ம வெட்ரிஃபைடு கல்லு சத்தியம் பண்ணுன ஆளு. நூத்துக்கு அரைகூடக் குடிக்காது. அதுகிட்ட வெறும் சிமெண்டுப் பாலைக் கொண்டுபோனா, கல்யாண வீட்டுல மொறப்பா நிக்க சம்மந்தி மாதிரி ஒட்டாமலே நிக்கும். அதுக்குன்னு பாலிமர் கலந்த பசை மூட்டையில வருது, மூட்டையில ஐஎஸ் 15477னு போட்டிருக்கணும். நீரு பசைக்குக் கணக்குப் பாத்து, மிச்சம் பிடிச்ச காசுல செவுத்துல மயிலு படம் போட்ட டைல்ஸு நாலு வாங்குனீரு. மயிலு நல்லாத்தான் ஆடுது. கல்லும் சேந்து ஆடும்.

இன்னொரு கூத்து. இந்தப் பளபளப்பு. நம்ம வீட்டுல சனிக்கிழமைன்னா நல்லெண்ணெய்தான, தீவாளின்னா சொல்லவே வேண்டாம். ஜெருமனிக்காரன் ஒரு சோதனை வச்சிருக்கான். பலகையில டைல்ஸை ஒட்டி, எண்ணெயை ஊத்தி, பூட்ஸு போட்ட ஆளை அதுமேல நடக்கவிட்டு, பலகையைப் பையப் பைய சாய்ச்சுக்கிட்டே போவான். எந்தச் சாய்வுல ஆளுக்கு வழுக்குதோ அதை வச்சு ஆர் 9லயிருந்து ஆர் 13 வரைக்கும் நம்பரு. நம்பரு கூடக்கூடப் பிடிப்பு கூடும். ஈரத் தரைக்கு ஆர் 10, ஆர் 11ஆவது இருக்கணும். எண்ணெய் தேய்க்கத் தெரியாதவன் எண்ணெயில சோதனை பண்ணுதான். எண்ணெய் தேய்க்க நாம கண்ணாடி மாதிரித் தரை தேடுதோம். எங்கக்காவுக்கு எழுவத்தி நாலு வயசு. அவளுக்கு இடுப்பு ஒண்ணுதான் இருக்கு, ஸ்பேரு கெடையாது.

சந்துல அடைச்ச ஃபில்லரைப் பத்திப் பேசினா மூணு நாளு ஆகும், விடும். போர்த் தண்ணியில உப்புக்கறை படியும், அதுக்கு நீரு ஆசிட்டு ஊத்துவீரு. கறையும் போகும், சிமெண்டு ஃபில்லரும் அரிச்சுப் போகும். எபாக்சின்னா தாங்கும். அவ்வளவுதான்.

என்ன, மூஞ்சி தொங்கிப்போச்சு? அழாதீரும், பத்து நாளு இருக்கு. செவுரு இருக்கட்டும், மயிலும் இருக்கட்டும், டொக்குன்னு சொன்னதை மட்டும் கழட்டும். தரையை முழுக்க எடுக்கணும். செவுத்துல அடி ரெண்டு வரிசையையும், ஷவரு பக்கம் ஆளு ஒசரத்துக்கும் கழட்டும், இல்லாட்டி நீர்த்தடுப்பு மேல ஏறாது. மொத நாளு ஒடைப்பு. அடுத்து வாட்டத்துக்குப் பூச்சு, அது இறுகணும். பொறவு நீர்த்தடுப்பு ரெண்டு கை, ஒண்ணு காஞ்ச பொறவு மத்தது. ரெண்டு நாளு தண்ணி கட்டு. அப்புறம் ஒண்ணுக்கு ஒண்ணு சொரசொரப்புக் கல்லு, நடுவுல ரெண்டு மூணு மில்லி சந்து விட்டு. ஒரு நாளு எவனும் மிதிக்கக் கூடாது. அடுத்த நாளு ஃபில்லரு. கடையில வாங்கும்போது பெட்டியில ஷேடு நம்பரு ஒண்ணா இருக்கான்னு பாத்து, நூத்துக்குப் பத்து கூட வாங்கிப் போடும். நாளைப்பின்ன ஒரு கல்லு ஒடைஞ்சா அதே நெறம் மோர்பிக்கே போனாலும் கெடைக்காது. எடுத்த நாலுக்கு ரெண்டுல தேறுனதைத் தார்சாவுல போடும். அங்கன வழுக்கி விழுந்தா வழியில போறவன் தூக்கிவிடுவான்.

நம்ம கொத்தனாருக்குப் போனைப் போடும். தபசு முடிஞ்சு அவரு வந்து நாலு நாளு ஆச்சு. கொஞ்சம் பிகு பண்ணுவாரு. நீரும் மாமா, மச்சான்னு நாலு வார்த்தை கூடப் பேசும். அந்தப் பயலுவளையும் அனுப்பிராதீரும். கோடு பிடிக்க அவனுவ, வாட்டத்துக்கு இவரு.

இந்தாரும் உம்ம ஒத்தை ரூவா. அந்தக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு கோலியையும் எடுத்துத் தாரும், எனக்கு முதுகு வளையாது. பேரன் அதைக் காணோம்னு நேத்துப் பூரா அழுதான். வீடெல்லாம் தேடுனோம். கடைசியில காலையில நான் எந்திரிச்சு வாரேன், எங்க வீட்டுப் பாத்ரூம் வாசப்படிக்கு வெளிய, மிதியடிக்குப் பக்கத்துல தண்ணியோட வந்து நிக்கு. அந்தத் தரையை யாரு போட்டதா? அந்தப் பேச்சு எதுக்கு இப்போ, கோலியை எடும்.