வராது சார்

"அதெல்லாம் எனக்கு வராது சார்" என்று அவர் சொல்லும் அழகு இருக்கிறதே, அது வேறு யாருக்கும் வராது. தலை லேசாக ஒரு பக்கம் சாயும். உள்ளங்கை இரண்டும் விரியும், கடன் கேட்டு வந்தவனிடம் காலி மேஜை டிராயரை இழுத்துக் காட்டுகிற மாதிரி. கேட்டவனுக்கே பாவமாகிவிடும். இந்த மனுஷரைப் போய்த் தொந்தரவு செய்தோமே என்று, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

உங்கள் குடியிருப்பில் இவர் மூன்றாவது மாடியில் இருப்பார். ஆபீஸ் என்றால் ஜன்னலோர மேஜை. எங்கள் வராது சார் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் மலரை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்காக அவரிடம் நான் கேட்டது காவியம் அல்ல. அரைப் பக்கம்.

ஊக்கப்படுத்தப் போனீர்களோ, தொலைந்தீர்கள். எந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு போனாலும் அதை வாங்கி, ஒரு திருப்புத் திருப்பி, தன் கட்சிக்கே சாட்சியாக உட்கார வைத்துவிடுவார்.

கி. ராஜநாராயணனைச் சொன்னேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், எழுத வந்ததே முப்பது வயதுக்கு மேல், கடைசியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராகப் போய் உட்கார்ந்தவர் என்றேன். "அதான் சார் விஷயமே. அவர் எட்டோட நிறுத்திக்கிட்டார், தமிழ் பிழைச்சுது. நான் பி.காம். வரைக்கும் போய்த் தொலைச்சிட்டேனே!"

சரி, கணக்குப் படித்தவரையே கூட்டி வருவோம் என்று அ. முத்துலிங்கத்தை இழுத்தேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1964-இல் 'அக்கா' தொகுப்பு வந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் எழுதாமலே இருந்துவிட்டுத் திரும்பி வந்து எழுதிக் குவித்தார். வராது சார் பெருமூச்சு விட்டார். "அவர் ஆப்பிரிக்கா, பாகிஸ்தான்னு உலகம் சுத்தினவர் சார். நான் அரக்கோணம் தாண்டினதில்ல."

"அரக்கோணத்தைப் பத்தியே எழுதுங்களேன்."

"அதுல என்ன சார் இருக்கு?" என்று ஆரம்பித்தவர் காபி ஆறும்வரை நிறுத்தவில்லை. காலை லோக்கலில் ஒரு சீட்டாட்ட கோஷ்டி. அதில் ஒருவர் ஏறுவது நடுவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில். அவருக்காக ஜன்னலோரத்தில் கைக்குட்டை போட்டு வைப்பார்களாம். அதன்மேல் யாராவது உட்கார்ந்தால் ஊர்ச் சண்டைதான். அவர் ரிட்டயர் ஆனார். மறுநாளும் கைக்குட்டை விழுந்திருக்கிறது. போட்டவருக்கே தெரியவில்லை, ஏன் போட்டோம் என்று. கூட்டம் பிதுங்குகிறது, யாரும் எடுக்கவில்லை. பேசின்பிரிட்ஜ் வந்ததும் ஒருவர் மெல்ல எடுத்து, உதறி, மடித்து, பையில் வைத்துக்கொண்டாராம்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. "சார், இதை அப்படியே எழுதிக் கொடுங்க."

"இது நடந்தது சார். கற்பனை இல்லையே!"

இவரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

படம் என்றாலும் இதே கதைதான். ஆர். கே. லட்சுமணனை பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளவில்லை, தெரியுமா என்று கேட்டால், "பார்த்தீங்களா, அவரையே சேர்த்துக்கல" என்று வெற்றியோடு நிமிர்கிறார். பக்கவாதத்தில் வலது கை விழுந்தபிறகு கோபுலு இடது கையால் வரைந்து பழகியதைச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. "அவருக்கு ஒரு கை போயும் வந்துச்சு. எனக்கு ரெண்டு கையும் நல்லா இருந்தே வரலையே சார்!" மேற்கொண்டு எவர் பெயரையும் இவரிடம் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு மேதையும் இவர் வீட்டு வாசலில் அவமானப்பட்டுத் திரும்புகிறார்.

இத்தனைக்கும் எங்கள் லிப்ட் பக்கத்துக் கரும்பலகை இவர் பொறுப்பு. போன கோடையில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. வேறொருவர் என்றால் 'மோட்டார் பழுது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். இவர் சாக்பீஸால், அந்த அழகான கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'நமது அருமை மோட்டார் இன்று அதிகாலை இயற்கை எய்தியது. உயிர் கொடுக்க மெக்கானிக் பதினொரு மணிக்கு வருகிறார். அதுவரை பக்கெட்டில் இருப்பதைக் கொண்டு உற்றார் உறவினர் ஆறுதல் அடையவும். மலர் வளையம் வேண்டாம், சந்தா பாக்கியைக் கட்டினால் போதும்.' அன்று தண்ணீர் இல்லாத ஆத்திரத்தில் கீழே இறங்கியவர்கள் எல்லாரும் பலகை முன் நின்று சிரித்தார்கள். கட்டாத சந்தாவைச் சிலர் கட்டவும் செய்தார்கள். சங்கச் செயலாளர் கடிதம் எழுதிக் கேட்டு நடக்காத காரியம் அது.

நீங்கள் எழுத்தாளர்தானய்யா என்றால், "ஐயையோ, அது நோட்டீஸ் சார்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது தன்னடக்கமே இல்லை. பேராசை. உட்கார்ந்தால் முதல் வரியே தி. ஜானகிராமன் மாதிரி விழ வேண்டும், இல்லாவிட்டால் காகிதத்தைத் தொட மாட்டேன் என்கிற பிடிவாதம். நோட்டீஸில் யாரும் ஜானகிராமனைத் தேடப்போவதில்லை என்பதால் கை சரளமாக ஓடுகிறது. 'கட்டுரை' என்று பெயர் வைத்துவிட்டால் கை மரத்துப்போகிறது. முதல் வரி எல்லாருக்கும் மட்டமாகத்தான் வரும் ஐயா. எழுதிவிட்டு அடிக்க வேண்டும். அடிப்பதற்காவது ஒன்று வேண்டாமா?

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிச் சொல்வது சிரிப்பு இல்லை.

அவருடைய பேத்தி இரண்டாம் வகுப்பு. நான் போயிருந்தபோது தரையில் குப்புறப் படுத்து யானை வரைந்துகொண்டிருந்தாள். எட்டுக் கால். "யானைக்கு ஏம்மா எட்டுக் காலு?" என்றார் தாத்தா. "ஓடுது தாத்தா" என்றாள், இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு. 1912-இல் ஜாக்கோமோ பல்லா என்ற இத்தாலிய ஓவியர், நடந்துபோகிற நாய்க்கு இப்படித்தான் ஏகப்பட்ட கால்கள் வரைந்தார். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து அருங்காட்சியகத்தில் அதை மாட்டி வைத்திருக்கிறார்கள். வராது சாரோ பேத்தியின் தலையைப் பிரியமாகத் தடவிக்கொண்டே, "நம்ம குடும்பத்துக்கே டிராயிங் வராது கண்ணு. போய் வாய்ப்பாடு எழுது" என்றார். அவள் கிரேயானை டப்பாவில் போட்டு மூடினாள். சண்டை போடவில்லை. தாத்தா சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை.

தனக்கு வராது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. தன் சொத்து, பூட்டி வைத்துக்கொள்ளட்டும். குழந்தை டப்பாவை மூட வைக்க அவர் யார்? நான் இதை அங்கேயே கேட்டேன். நல்ல மனுஷர், முகம் சுருங்கிப்போனது. "நாளைக்கு ஏமாந்துடக் கூடாதேன்னுதான் சார்" என்றார். சின்ன வயதில் இவரிடமும் யாரோ இதே பிரியத்தோடு சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. கிளம்பும்போது அவளிடம் அந்த யானையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மலரின் அட்டைக்கு அதுதான். சங்கத்தில் ஆட்சேபம் வரும், வரட்டும்.

அரைப் பக்கம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. வியாழக்கிழமை மலர் அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் அரக்கோணம் லோக்கலை எழுதித் தராவிட்டால், அந்த மோட்டார் இரங்கலை அவர் பெயர் போட்டு, 'எழுத்தாளர்' என்ற அடைமொழியோடு அச்சடித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கரும்பலகையின் போட்டோ செயலாளரிடம் பத்திரமாக இருக்கிறது.