வாளியும் கப்பலும்

மட்டக்களப்புக் கடலடியில் ‘ஹெர்மிஸ்’ என்றொரு விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. அன்றிலிருந்து அது எங்கும் போய்விடவில்லை. ஆனாலும் ஐம்பது வயதில் எனக்கு, அதை உடனே பார்த்தாக வேண்டும் என்று அவசரம் பிறந்தது.

ஊர்ச் சுழியோடிகள் சங்கமொன்றில் சேர்ந்தேன். மனிசி ஒரே வரியில் வாழ்த்தினாள்: “கிணத்துக்குள்ள விழுந்த வாளி மூணு மாசமாக் கிடக்கு. இவர் கப்பல் பாக்கப் போறார்.”

எடையைக் குறைக்கச் சொல்லிப் பத்து வருடமாக வைத்தியர் மன்றாடுகிறார். சங்கத்திலோ இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டினார்கள். கொழுப்பு மிதக்குமாம். என்னைத் தாழ்க்க மற்றவர்களைவிட இரண்டு கட்டி கூடுதலாகத் தேவைப்பட்டது.

நீருக்கடியில் பேச்சில்லை, சைகைதான். மீன் கூட்டமொன்றைக் கண்டு ‘அருமை’ என்று கட்டைவிரலை உயர்த்தினேன். அங்கே அதற்கு ‘மேலே போவோம்’ என்று பொருள். பயிற்றுநர் கடமை தவறாதவர். கூட்டிக்கொண்டு வந்து படகில் ஏற்றிவிட்டார்.

ஒருவழியாகச் சான்றிதழ் கிடைத்தது: 18 மீற்றர் வரை இறங்கலாம். ஹெர்மிஸ் கிடப்பதோ 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குக்குச் சுழியோடுபவர்களின் உச்ச எல்லையே 40 மீற்றர்தான்.

பயிற்சி வீண்போகவில்லை. கிணற்றில் இறங்கி வாளியை எடுத்தேன். மேலே நின்ற மனிசி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பாராட்டா, உத்தரவா என்று கேட்கவில்லை. மேலே வந்துவிட்டேன்.