மூன்று வாசல், ஒரு பூட்டு

ஒரு லட்சம் கோடி ரூபாய்ச் செல்வத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டிருக்கிறோம் என்பது எங்கள் குடும்பத்துக்கு 2011-ல்தான் தெரியவந்தது. அந்த வருஷம் ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 18 அடி நீளத் தங்கச் சங்கிலி, மூட்டை மூட்டையாகப் பொற்காசு, ரத்தினங்கள் என்று நாளுக்கொரு செய்தி வந்தது. மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. அப்பா அப்போது இருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்தக் கோயில்ல நமக்கு ஒரு செலவும் இருந்ததில்ல, கேட்டியா?" என்று மட்டும் சொன்னார்.

உண்மைதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா நாகர்கோவிலில் ஒரு கயிற்றுக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போக வேண்டும், கையில் காசு கிடையாது. அந்த இரண்டுக்கும் பொருந்திவந்த ஒரே ஊர் திருவனந்தபுரம். கன்னியாகுமரிப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1979-ல்தான். அதற்கு முன்னால் பஸ்தான். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகும். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் அம்மாவுக்குக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம் என்ற எண்ணமே கடைசிவரை வந்ததில்லை. பெருமாள் படுத்திருக்கிற ஊர், அவ்வளவுதான்.

காலையில் கோயில், மத்தியானம் மிருகக்காட்சி சாலை, சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. ராத்திரி சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்குத் தெரிந்தவரின் கடை மாடியில், அரிசிச் சாக்குகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுப்போம். இதுதான் எங்கள் சுற்றுலா. ஏத்தங்காய் வத்தலும் புளிச்சோறும் வீட்டிலிருந்தே வரும்.

கோயிலுக்குள் போக ஆண்கள் வேட்டி கட்டி, மேலே எதுவும் போடாமல் இருக்க வேண்டும். அப்பா சட்டையைக் கழற்றி மடித்து அம்மாவின் பைக்குள் வைப்பார். எங்களுக்கு இடுப்பில் துவர்த்து. ஏழு நிலைக் கோபுரத்தைத் தாண்டினால் சீவேலிப்புரை. இந்த நீண்ட கல் நடைக்கூடத்தில் மொத்தம் 365 தூண்களும் ஒரு கால் தூணும் என்பது கணக்கு. பெரும்பாலான தூண்களில் கையில் விளக்கேந்திய பாவை ஒருத்தி நிற்பாள். 4,000 கல்தச்சர்களும் 6,000 கூலியாட்களும் 100 யானைகளும் ஆறு மாதம் உழைத்துக் கட்டியது என்று கோயில் வரலாற்றில் சொல்கிறார்கள். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா காலத்து வேலை. ஒரு பாவையின் மூக்கைப் போல இன்னொருத்தியின் மூக்கு இல்லை என்று அப்பா எங்களைத் தூண் தூணாக நிறுத்திக் காட்டுவார். வெயில் ஏறினாலும் அந்தக் கல் சூடாகாது. பிள்ளைகள் ஓடலாம், உட்காரலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்ததைவிட அதிகமாகப் பார்க்கப் பழகியது அந்த நடைக்கூடத்தில்தான்.

பிறகு ஒற்றைக்கல் மண்டபம். ஏறக்குறைய 20 அடிச் சதுரத்தில், இரண்டரை அடி கனத்தில் ஒரே பாறை. திருமலை என்ற இடத்தில் வெட்டி இழுத்துவந்தது. அதன்மேல் நின்றுதான் பெருமாளைப் பார்க்க வேண்டும். அங்கே விழுந்து கும்பிடுகிறவரின் உடைமை எல்லாம் பத்மநாபனுக்குச் சேர்ந்துவிடும் என்பது மரபு. அதனால் அரசரைத் தவிர வேறு யாரும் அங்கே விழுந்து வணங்குவதில்லை. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யம் முழுவதையும் பெருமாள் பேருக்கு எழுதிக்கொடுத்து, தான் பத்மநாபதாசன் என்று ஆள ஆரம்பித்தார். அதற்குத் திருப்படிதானம் என்று பெயர். எழுதிக்கொடுக்க எங்கள் அப்பாவிடம் எதுவும் இல்லை. ஆனாலும் எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டே நிற்பார், மரபு மரபுதான்.

மூலவர் 18 அடி நீளம். நேபாளத்து கண்டகி ஆற்றிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை வைத்துக் கடுசர்க்கரை யோகம் என்ற கலவையால் செய்த உருவம். ஒரே பார்வையில் முழுக்கப் பார்க்க முடியாது. முதல் வாசலில் முகமும், வலது கையின்கீழ் சிவலிங்கமும். நடு வாசலில் நாபித் தாமரையும் பிரம்மாவும். மூன்றாம் வாசலில் திருவடி. எண்ணெய் விளக்கு வெளிச்சம் மட்டும். கூட்டம் குறைவான நாளில் அப்பா திரும்பவும் வரிசையின் முதலுக்குப் போய்விடுவார். நம்மாழ்வார் இந்தப் பெருமாளுக்கு ஒரு பதிகம் பாடியிருக்கிறார். தமிழில் பாடப்பட்ட 108 திவ்யதேசங்களில் இது ஒன்று. அந்தப் பதிகத்தில் ஒரு வரியையும் அப்பா மனப்பாடமாகச் சொன்னதில்லை. மூன்று வாசலிலும் நின்று கையை மட்டும் கூப்புவார்.

அவர் அப்படி நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. அது நான் பெரியவனான பிறகுதான் தெரிந்தது. என் பாட்டா இளைஞனாக இருந்த காலத்தில் எங்கள் சாதியார் இந்தக் கோபுரத்தைத் தாண்ட முடியாது. பனையேறிகளிடம் திருவிதாங்கூர் அரசு தலைவரி வாங்கியது, ஊழிய வேலை வாங்கியது, கோயிலுக்குள் மட்டும் விடவில்லை. 1936 நவம்பர் 12-ல், 24 வயது மகாராஜா சித்திரைத் திருநாள் பாலராம வர்மா கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அப்போது சி.பி. ராமசாமி ஐயர் திவான். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கதவு திறக்காத கோயிலுக்குள் போவதில்லை என்றிருந்த காந்தி, 1937 ஜனவரியில் இங்கே வந்து உள்ளே போய்க் கும்பிட்டார். பாட்டா நடந்தே திருவனந்தபுரம் வந்து, வேட்டியை நனைத்துக் கட்டி உள்ளே போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் காசு எதுவும் செலவழிக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம் மலிவானது என்று எந்த வாயால் சொல்வது?

இந்தக் கோயிலின் தலபுராணம் வேறொன்று சொல்கிறது. அனந்தன்காட்டில் பாம்பு குடைபிடிக்கப் படுத்திருந்த குழந்தையின் அழுகையை முதலில் கேட்டவள் ஒரு புலையப் பெண். தேங்காய்ச் சிரட்டையில் அவள் கொடுத்த கஞ்சிதான் முதல் நிவேதனம். இன்றும் பெருமாளுக்குப் பொன் கட்டிய சிரட்டையில் உப்புமாங்காய் நிவேதிக்கிறார்கள். கோயிலுக்கு நெல் விளைந்த புத்தரிக்கண்டம் வயல் அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டதாம். அந்த வயல் இப்போது கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தருகே மைதானமாக இருக்கிறது. பொருட்காட்சி, அரசியல் கூட்டம் எல்லாம் அங்கேதான். சாமியைக் கண்டுபிடித்தவளின் சந்ததி 1936 வரை சாமியைப் பார்க்க முடியாமல் இருந்தது. அந்த மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தக் கதையைச் சொல்லாமல் பிள்ளைகளை அந்த வழியே கூட்டிப்போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

இப்போது பேத்தியோடு போகிறேன். நாகர்கோவிலில் காலை ரயிலில் முன்பதிவில்லாத பெட்டி, தம்பானூரில் இறங்கி நடை. வழியில் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் அப்படியே இருக்கிறது. அந்தக் கோயிலை இன்றும் ராணுவம்தான் பராமரிக்கிறது. கோட்டைக்குள் நுழைந்ததும்தான் மாற்றம். போலீஸ், கேமரா, உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வாசல். செல்போனை வெளியே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பேன்ட் போட்டு வந்தவர்களுக்கு வேட்டி வாடகைக்குக் கிடைக்கிறது. மருமகள் சுடிதார்மேல் வேட்டி சுற்றிக்கொள்கிறாள். 2016 நவம்பரில் கோயில் நிர்வாக அதிகாரி சுடிதாருக்கு அனுமதி கொடுத்தார். அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. இந்தச் சச்சரவில் எல்லாம் எனக்கு ஆர்வமில்லை. பத்மதீர்த்தக் குளத்தின் படியில் முன்புபோல் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்க முடிவதில்லை. வருத்தம் அதில்தான்.

உள்ளே போனதும் பேத்தி கேட்ட முதல் கேள்வி, "பாட்டா, அந்தப் பூட்டின அறை எது?" என்பது. அவள்மேல் குற்றமில்லை. ஆறு நிலவறைகளுக்கு ஆங்கில எழுத்தால் பெயர் வைத்தார்கள், பின்னால் இன்னும் இரண்டு சேர்ந்தது. 'பி' அறை மட்டும் திறக்கப்படவில்லை. அதன் கதவில் பாம்பு இருக்கிறது, மந்திரம் சொன்னால்தான் திறக்கும் என்று யூடியூபில் ஆயிரம் கதை. கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்த வினோத் ராய் 2014-ல் கொடுத்த அறிக்கை, 1990-க்குப் பிறகு அந்த அறை பலமுறை திறக்கப்பட்டதாகச் சொல்கிறது. மந்திரக் கதைக்கு இருக்கிற மவுசு தணிக்கை அறிக்கைக்கு இல்லை. 2020 ஜூலை 13-ல் உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் உரிமையை உறுதிப்படுத்தி, 'பி' அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் கோயில் குழுக்களிடம் விட்டுவிட்டது.

பேத்திக்கு நான் வேறொரு கதை சொன்னேன். அரச குடும்பத்தைச் சேர்ந்த, 2013-ல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா தினமும் தரிசனத்துக்கு வருவார். திரும்பும்போது காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத்தான் போவார், பெருமாள் சொத்தில் ஒரு மணலும் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதென்று. அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் உடனே குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்ப அந்தத் தங்கம் யாருது?" என்றாள். காணிக்கையும் மிளகு வாணிபமும் வரியும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது, அதில் உன் பாட்டாவின் பாட்டா கட்டின வரியும் உண்டு என்றேன். திருவிதாங்கூர் கஜானாவும் கோயில் கருவூலமும் பல காலம் ஒன்றையொன்று ஒட்டித்தான் இருந்தன. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். புரியவும் வேண்டும்.

எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோயிலுக்குக் காவல் போட்டது சரி. அவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு கதவைத் திறந்துபோட முடியாது. ஆனால் காவலுக்காக அவசரம் வந்துவிட்டது. ஒற்றைக்கல் மண்டபத்தில் மூன்று வாசலையும் சில விநாடிகளில் கடக்க வேண்டியிருக்கிறது. சீவேலிப்புரையில் பிள்ளைகள் நின்று பார்க்க நேரமில்லை. வெளியே வருகிறவர்களிடம் கேட்டால் அறையைப் பற்றிப் பேசுகிறார்கள், தூணைப் பற்றிப் பேசுகிறவர் அபூர்வம். கையில் காசில்லாத குடும்பத்துக்கு இந்தக் கோயில் கொடுத்தது நேரம். ஒரு முழுக் காலைப் பொழுதைக் கல்லோடும் விளக்கோடும் கழிக்க விட்டது. தங்கத்துக்குக் கணக்கெடுத்ததைப்போல் அதற்கும் யாராவது கணக்கெடுத்துக் காக்க வேண்டும். கூட்டம் குறைவான நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இரண்டு மணி நேரம் நடைக்கூடத்தைத் திறந்துவிட்டால் போதும். இது பெரிய கோரிக்கையில்லை.

வெளியே வந்தால், குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்ற கடிகாரம். மணி அடிக்கும்போது நடுவிலுள்ள தாடிக்கார முகம் வாயைத் திறக்கும், இரண்டு ஆட்டுக்கிடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். எங்கள் காலத்தில் அதற்காகவே காத்து நிற்போம். பேத்தியும் காத்து நின்றாள். சம இரவு நாட்களில், மார்ச்சிலும் செப்டம்பரிலும், இறங்குகிற சூரியன் கோபுரத்து நிலைவாசல்கள் வழியே ஒவ்வொன்றாகத் தெரியும். இப்போது அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. இது ஒன்று இப்போது நன்றாக இருக்கிறது.

மத்தியானம் சாலைக் கடைத்தெருவில் ஊண் சாப்பிட்டோம். அந்தத் தெருவில் கடை வைத்துக்கொண்டு அந்தத் தெருவையே தமிழில் கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். 'கிருஷ்ணப்பருந்து' எழுதியவர். இந்த ஊரைப் 'பள்ளிகொண்டபுரம்' என்று நாவலாக்கியவர் நீல. பத்மநாபன். நாங்கள் அரிசிச் சாக்குகளுக்கு நடுவே தூங்கிய காலத்தில் அந்தக் கதைகள் பக்கத்திலேயே எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. இரண்டு புத்தகமும் பேத்திக்காக எடுத்துவைத்திருக்கிறேன், இன்னும் நாலைந்து வருஷம் போகட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நவராத்திரிக்கு எங்கள் பக்கத்திலிருந்து மூன்று சாமிகள் கிழக்கேகோட்டைக்குப் புறப்படும். பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. எல்லை மாறினாலும் ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளையில் கேரளப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கும். சரஸ்வதி, பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே நவராத்திரி மண்டபத்தில் இருப்பாள், அங்கே சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். இந்தப் புரட்டாசியில் சுசீந்திரத்திலிருந்து கொஞ்ச தூரமாவது பின்னால் நடக்க வேண்டும் என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு லீவு கிடைக்குமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்க மகனை அனுப்பியிருக்கிறேன்.