ஊறிய ரொட்டியும் உறங்கிய சமையற்காரரும்: திருப்புட்குழியை முன்வைத்து ஓர் ஆய்வு

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே 12 கிலோமீட்டர் போனால் பாலுசெட்டி சத்திரம். அதை ஒட்டி உள்ளே ஒதுங்கி இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடியது. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். குளத்துக்கே ஜடாயு தீர்த்தம் என்றுதான் பெயர். இப்பேர்ப்பட்ட ஊரையும் முட்டையில் நனைத்த ரொட்டியையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது அபசாரம் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. முந்தைய இரவைச் சமையல் சாமான்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட ஊர்களைப் பட்டியல் போட்டால் முதல் பெயர் இதுவாகத்தான் இருக்கும்.

ஆய்வுப் பொருள் இன்னதென்று முதலில் வரையறுத்துக்கொள்வோம். நம் வீடுகளிலும் டீக்கடைகளிலும் பாம்பே டோஸ்ட் என்று வழங்கும் பண்டம் எல்லோருக்கும் தெரியும். முட்டை, பால், சர்க்கரை கலந்த கரைசலில் ரொட்டித் துண்டை முக்கி, தோசைக்கல்லில் போட்டுத் திருப்பி எடுப்பது. பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் இதையே பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல் என்ற பெயரில் வேறு விதமாகச் செய்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு துண்டு ரொட்டியை ஓர் ஆழமான தட்டில் அடுக்கி, ஐந்தாறு முட்டையும் அரை லிட்டர் பாலும் அடித்து மேலே ஊற்றி, பட்டைத்தூள் தூவி, மூடி, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். காலையில் 180 டிகிரி அவனில் முக்கால் மணி நேரம். பிறகு கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி, பத்தரை மணிக்கு, காலைச் சாப்பாடும் இல்லாமல் மதியச் சாப்பாடும் இல்லாமல் ஒரு சாப்பாடு.

அந்த இரண்டுங்கெட்டான் சாப்பாட்டுக்கு பிரஞ்ச் என்று பெயர் சூட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு அது அவசியம் என்று 1895-இல் கட்டுரை எழுதியவர் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர். சனிக்கிழமை இரவு நேரம் கழித்து வீடு திரும்புகிறவர்கள் மறுநாள் சீக்கிரம் எழ வேண்டியதில்லை என்பது அவர் வாதங்களில் ஒன்று. காலை பத்து மணிக்குச் சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணிக்கு டிபனுக்குக் காத்திருந்த நம் பாட்டனார்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டுரை மிச்சம். அவர்கள் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கே தூங்கியவர்கள் என்பது வேறு விஷயம்.

ரொட்டியைப் பாலில் ஊறப்போடும் யோசனை பிரெஞ்சுக்காரர்களுடையதும் அல்ல. அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலிலேயே பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றிய ரொட்டி இருக்கிறது. எல்லா நாட்டிலும் இந்தப் பண்டத்துக்குப் பிறப்பிடம் ஒன்றே: நேற்று வாங்கி மீந்த ரொட்டி. அது காய்ந்துபோனது என்று நாம் சொல்கிறோம். 1852-இல் பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஈரம் போகாதபடி ரொட்டியை மூடி வைத்துப் பார்த்தார். அப்படியும் அது விறைத்தது. சூடு காட்டினால் மறுபடி இளகியது. போனது ஈரம் அல்ல, மாவுச்சத்து மறுபடி இறுகி அடுக்குக் கட்டிக்கொள்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த இறுக்கம்தான் நமக்கு வேண்டியது. புது ரொட்டியைப் பாலில் போட்டால் கூழ்; நேற்றைய ரொட்டி பாலை உறிஞ்சிக்கொண்டு உருவம் மாறாமல் நிற்கும். அதாவது இந்தப் பண்டத்துக்கு ஒரு ராத்திரி போதாது. ரொட்டி பழையதாக ஒன்று, ஊற இன்னொன்று.

இனி திருப்புட்குழி. இங்கே விஜயராகவப் பெருமாளின் தாயார் மரகதவல்லி. வறுத்த பயற்றை முளைக்க வைக்கும் தாயார் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள் தீர்த்தத்தில் நீராடி, மடப்பள்ளியில் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு அன்றிரவு தூங்குவார்கள். விடிந்து பார்க்கும்போது பயறு முளை விட்டிருந்தால் வேண்டுதல் பலித்தது என்று நம்பிக்கை. வறுத்த விதை முளைக்காது என்பது தாவரவியல். முளைக்கும் என்பது சந்நிதி. இரண்டுக்கும் நடுவே ஆய்வாளன் நுழைவது மரியாதையல்ல. அவன் குறித்துக்கொள்வது ஒன்றைத்தான்: இங்கே விண்ணப்பத்துக்கும் விடைக்கும் நடுவில் ஒரு முழு இரவு வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறுக்கு வழியில் தாண்ட முடியாது.

பக்கத்திலேயே காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில். அதன் இட்லி, கேசரோல் பண்டத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, இரவெல்லாம் புளிக்க விட்டு, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. தனித்தனிக் குழி கிடையாது. மொத்தமாக வெந்து, மொத்தமாக வெளியே வந்து, அப்புறம்தான் துண்டாகும். தனித்தனியாகச் சுட்டுக்கொண்டு நிற்காதே, ஒரே பாத்திரத்தில் வேகவைத்து வெட்டிக் கொடு என்ற சித்தாந்தம் இரண்டுக்கும் பொது. ஒரே ஒரு பேதம். மாவில் இரவு முழுக்க நுண்ணுயிர்கள் வேலை பார்க்கின்றன. வாயு விட்டு மாவைத் தூக்கி நிறுத்துவது லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா. குளிர்பெட்டியில் இருக்கும் ரொட்டித் தட்டில் யாரும் வேலை பார்ப்பதில்லை. பால் இறங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே இட்லி மாவு ராத்திரி ஷிப்டு, ரொட்டி தூக்கம்.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. எழ வேண்டிய ஊரும் இதுதான். ராமானுஜர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது திருப்புட்குழியில் என்பது குருபரம்பரை வழக்கு. ஓர் உபநிடத வாக்கியத்துக்கு ஆசிரியர் சொன்ன பொருள் மாணவருக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணீர் சூடாக ஆசிரியரின் தொடையில் விழுந்தது என்பார்கள். உரை பேதத்துக்கு இவ்வளவு பழகிய மண்ணில் ரொட்டிக்கு இரண்டு உரை இருந்தால் என்ன? ராமானுஜருக்குப் பின் வந்த வைணவம், இறைவனை அடைவதில் குரங்குக்குட்டியா பூனைக்குட்டியா என்று இரண்டாகப் பிரிந்தது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்ற வேண்டும்: வடகலை. பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும்: தென்கலை. பாம்பே டோஸ்ட் சந்தேகமில்லாமல் குரங்குக்குட்டிக் கட்சி. கல்லில் ஒட்ட வேண்டும், திரும்ப வேண்டும், ஒரு நொடி அசந்தால் கருகல். தட்டில் அடுக்கிய ரொட்டி பூனைக்குட்டி. தன் முயற்சி என்று எதுவும் இல்லை, பாலில் சரணாகதி, விடிந்தால் மோட்சம். எந்தக் கட்சி உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரையாளனுக்குத் துணிவில்லை. காஞ்சிபுரத்தில் இந்த இரு கலைக்கும் நடந்த வழக்குகள் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

சித்தாந்தம் போதும், களத்துக்கு வருவோம். தறிக்கார வீடு ஒன்று. இவ்வீடுகளுக்கு விடிகாலை என்பது புரண்டு படுக்கும் நேரமல்ல. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். எனவே காலைச் சாப்பாட்டை ராத்திரியே தயார் செய்யும் கலையை இவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதற்குப் பழைய சோறு என்று பெயர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சனிக்கிழமை வந்திருக்கிறாள். இரவு பத்து மணி. சமையல் மேடை முழுக்க ரொட்டி, பால் பாக்கெட், முட்டை ஓடு.

“நாளைக்கு நீ எதுவுமே செய்ய வேணாம்மா. காலையில ஒரு வேலையும் கிடையாது. எடுத்து அவன்ல வெச்சா முடிஞ்சுது.”

“சரிடி. அப்ப இந்நேரத்துக்கு நின்னுகிட்டு என்ன பண்ணிட்டிருக்க?”

இந்த வினாவைத்தான் உலகெங்கும் கேசரோலைப் புகழ்ந்து எழுதியவர்கள் எல்லோரும் கவனமாகத் தவிர்த்து வந்திருக்கிறார்கள். வேலை குறையவில்லை. காலையிலிருந்து கிளம்பி ராத்திரிக்குக் குடிபோயிருக்கிறது. ஆள் மாறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டவரும், சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தவரும், ரொட்டி அடுக்கி நிற்பவரும் அதே அம்மா அல்லது அவள் மகள். காலையில் அவனிலிருந்து தட்டை எடுத்து மேஜைக்குக் கொண்டுவந்து “நான்தான் செய்தேன்” என்று சொல்பவர் பெரும்பாலும் மருமகப்பிள்ளை.

முட்டை புழங்காத வீடுகளுக்காக ஒரு பின்னிணைப்பு. 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் சோளமாவை வைத்துக் கஸ்டர்ட் பவுடர் செய்தார். அந்த அம்மாளின் ஒவ்வாமையால் அக்கிரகாரம் வரைக்கும் இந்தப் பண்டம் வர முடிகிறது. ஆனால் பவுடரைப் பச்சையாகப் பாலில் கலக்கி ஊற்றினால், விடிவதற்குள் மாவு அத்தனையும் தட்டின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேல் ரொட்டிக்கு வெறும் பால்தான். முதலில் அடுப்பில் காய்ச்சி, கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கி, ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். அவன் இல்லையா, இட்லிப் பானை இருக்கிறது. மூடியில் ஒரு வெள்ளைத் துணி கட்டாவிட்டால் ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்து மேற்பரப்பு அம்மைத் தழும்பு போலாகும். தட்டின் அடியில் நெய் தடவிய மந்தாரை இலை போட்டால் எடுப்பதும் எளிது. வாசனையில் ரொட்டி தன் பூர்வீகத்தை மறந்து காஞ்சிபுரத்துப் பிள்ளையாகிவிடும். ஓரம் மொறுமொறுப்பு மட்டும் கிடைக்காது. அது வேண்டும் என்கிறவர்கள் குரங்குக்குட்டிக் கட்சிக்கே போகட்டும்.

அவனில் வைத்த தட்டுக்கு இன்னும் ஒரு கட்டம் மிச்சம் இருக்கிறது. நான்கு ஓரத்திலும் சர்க்கரையும் பாலும் கருகிப் பிடித்து, நாரால் எவ்வளவு தேய்த்தாலும் வராது. பிரஞ்ச் சாப்பிட்டு எழுந்த அத்தனை பேரும் அதைப் பார்த்து ஒரே குரலில் சொன்னது: “தண்ணி ஊத்தி வைங்க, ராத்திரி ஊறட்டும்.” திங்கட்கிழமை காலை மகள் பெங்களூர் பஸ் ஏறிவிட்டாள். தட்டை யார் தேய்த்தார்கள் என்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. அம்மாவைக் கேட்டால் சொல்வார்.